ரயில் பாதுகாப்புப் பணம்: நிலைக்குழுவா, பொதுக் கணக்குக் குழுவா?

ரயில்வேக்கான துறைசார் நிலைக்குழுவில் 31 எம்.பி.க்கள், மக்களவை 21, மாநிலங்களவை 10. பட்ஜெட் தாக்கலானதும் அவை இடைவேளை விடும் சில வாரங்களில் மானியக் கோரிக்கையை, அதாவது அமைச்சகம் கேட்கும் செலவுத் தொகையை, பிரித்துப் பார்ப்பது இவர்கள் வேலை. செலவாகும் முன்பே கேள்வி கேட்கலாம் என்பதே இதன் பலம். ஆனால் ஒதுக்கீட்டைத்தான் பார்க்கிறார்கள், ரசீதை அல்ல.

ரசீது, அதாவது செலவான பிறகான கணக்கு, பொதுக் கணக்குக் குழு என்ற இன்னொரு நாடாளுமன்றக் குழுவிடம் வரும். 22 பேர்; 1967 முதல் தலைவர் எதிர்க்கட்சிக்காரர். கையில் சிஏஜி (அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமைத் தணிக்கையாளர்) அறிக்கை இருப்பதால் அதிகாரிகள் மழுப்புவது கடினம். (அமைச்சரை இரண்டு குழுவும் சாட்சியாக அழைக்க முடியாது.)

2017-18இல் தொடங்கிய ரயில் பாதுகாப்பு நிதியான ராஷ்டிரிய ரயில் சன்ரக்‌ஷா கோஷை எடுத்துக்கொள்வோம். ஐந்தாண்டுக்கு 1 லட்சம் கோடி ரூபாய். இதில் ஆண்டுக்கு 5,000 கோடியை ரயில்வே தன் வருவாயிலிருந்து போட வேண்டும். முதல் நான்கு ஆண்டில் சேர வேண்டிய 20,000 கோடியில் 15,775 கோடி வரவே இல்லை என்று 2022 டிசம்பரில் அவைக்கு வந்த சிஏஜி அறிக்கை சொன்னது. தண்டவாளம் புதுப்பிக்க வேண்டிய நிதியில் கால் மசாஜ் கருவியும் பாத்திரமும் வாங்கியது வேறு! காகிதத்தில் ஒதுக்கீடு கச்சிதமாகத்தான் இருந்தது.

தணிக்கை துல்லியமானது, ஆனால் தாமதமானது. ஓட்டையைக் கண்டுபிடிக்கப் பொதுக் கணக்குக் குழுதான் சரி; அதே ஓட்டை அடுத்த பட்ஜெட்டிலும் தொடராமல் தடுக்க நிலைக்குழு வேண்டும். இரண்டின் பரிந்துரையும் அரசைக் கட்டுப்படுத்தாது.