கால்சியம் ஸ்கோரா, சி.டி. ஆஞ்சியோவா: கொலஸ்ட்ரால் மாத்திரைக்கு முன்னால் எந்தப் படம்?

பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் மைத்துனருக்கு வயது 52. சர்க்கரை, புகைப்பழக்கம், நெஞ்சுவலி எதுவும் இல்லை, எல்.டி.எல். (கெட்ட கொலஸ்ட்ரால்) மட்டும் 148. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைத் தொடங்கலாம் என்றார் மருத்துவர். ஆயுள் முழுக்க விழுங்க வேண்டுமே என்று இவர் இழுத்தடித்தார். இதுபோன்ற இழுபறியில்தான் இதயப் படம் பயன்படுகிறது. எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவருக்கும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் மாத்திரை தேவை என்பது படமில்லாமலே தெரிந்த விஷயம்.

கால்சியம் ஸ்கோர் என்பது இதய ரத்தக்குழாய்களில் படிந்த சுண்ணாம்பை சி.டி. படத்தில் அளந்து சொல்லும் எண். இதற்கு ஊசியே கிடையாது. இ.சி.ஜி. ஒயர்களுடன் படுத்தவரிடம் டெக்னீஷியன் "உசிரு ஹிட்கொள்ளி" என்றதும் (கன்னடத்தில் மூச்சும் உசிருதான், மைத்துனர் ஒரு கணம் மிரண்டுபோனார்) சில விநாடிகள் மூச்சை அடக்கினால் வேலை முடிந்தது. கதிர்வீச்சு ஏறக்குறைய 1 மில்லிசீவர்ட். 2018-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டுதலின்படி, மாரடைப்பு அபாயம் நடுத்தரமாக உள்ளவருக்கு ஸ்கோர் 0 என்றால் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். 1 முதல் 99 வரை என்றால், குறிப்பாக 55 வயதைக் கடந்தவருக்கு, தொடங்குவதே சரி. 100-ஐத் தொட்டால் தயக்கத்துக்கு இடமில்லை.

இதய ரத்தக்குழாய்களின் உட்புறத்தையே படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோவுக்கு, சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியாட்டினின் அளவைப் பார்த்து, நாடித்துடிப்பை 60-க்கு அருகே இறக்கி, நரம்பில் அயோடின் சாயம் ஏற்ற வேண்டும். அதற்குக் கைம்மாறாக, சுண்ணாம்பு ஏறாத மென்மையான கொழுப்புப் படிவையும் அது காட்டிவிடும். ஸ்காட்லாந்தில் 4,146 பேரிடம் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வில், ஐந்தாண்டுகளில் மாரடைப்பும் இதய நோய் மரணமும் வழக்கமான கவனிப்பில் 3.9 சதவீதமாகவும், இந்தப் படத்தையும் எடுத்தவர்களிடம் 2.3 சதவீதமாகவும் இருந்தன. ஆனால் அவர்கள் நெஞ்சுவலியோடு வந்தவர்கள் என்பதை மறந்து, நோய்க்குறியே இல்லாதவரையும் ஆஞ்சியோவுக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. ஆகவே மைத்துனர் போன்றவருக்கு என் தேர்வு கால்சியம் ஸ்கோர்தான்.

அதிலும் ஒரு குறை உண்டு. அந்த எண்களுக்கு வலுச்சேர்த்த மெசா ஆய்வில் வெள்ளையர், கறுப்பினத்தவர், ஹிஸ்பானியர், சீனர் இருந்தனர், நம்மவர் இல்லை. தெற்காசிய வம்சாவளியையே அபாயத்தைக் கூட்டும் காரணியாக அந்த வழிகாட்டுதல் சொல்கிறது. சுண்ணாம்பு படியப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், 38 வயதில், அதுவும் தகப்பனாருக்கு இளமையிலேயே மாரடைப்பு வந்த குடும்பத்தில், பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது.

மைத்துனரின் அறிக்கையில் எல்.ஏ.டி. (இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாய்) என்ற வரிக்கு நேராக 131, மொத்தம் 164. அன்றிரவே மாத்திரை தொடங்கியது. அடுத்த ஆண்டு ஸ்கோர் குறைந்திருக்கிறதா என்று பார்க்கலாமா என்று கேட்டார். ஸ்டாட்டின் படிவை இறுக்கிச் சுண்ணாம்பாக்குவதால் எண் ஏறக்கூடும். அதை மருந்தின் தோல்வி என்று எண்ணிவிடக் கூடாது. எட்டு வாரம் கழித்து ரத்தத்தில் எல்.டி.எல். பார்த்தால் போதும் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.