லினக்ஸில் பாட்டும் பேடும்: பல்ஸ் ஆடியோ, ஜாக், பைப்வயர் – 14 வருட அனுபவம்

ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கில் பாடும்போது நம் குரல் இரண்டு வழியில் நமக்குக் கேட்கும். தலை எலும்பு வழியாக உடனே கேட்பது ஒன்று. மைக், ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் பெட்டி), கணினி, மறுபடி இன்டர்ஃபேஸ், ஹெட்போன் என்று ஒரு சுற்று சுற்றிவிட்டுப் பிந்தி வருவது இன்னொன்று. இந்தப் பிந்தலைத்தான் லேட்டன்சி என்கிறோம். அது மிகச் சிறிதாக இருந்தால் குழாய்க்குள் நின்று பாடுவது போல இருக்கும். 20 மில்லி வினாடியைத் தாண்டினால் எனக்குக் காலப்பிரமாணம் இழுத்துவிடும். பாடும்போது தெரியாது, பதிவைக் கேட்டால்தான் தெரியும்.

2011இல் வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டதிலிருந்து இதோடுதான் வாழ்கிறேன். நிரல்களின் ஒலியை வாங்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் மென்பொருளை ஒலி சர்வர் என்பார்கள். அதில் பல்ஸ் ஆடியோதான் அப்போது எல்லா இடத்திலும் இருந்தது. லென்னார்ட் பொயட்டரிங் எழுதியது. 2007இல் ஃபெடோரா 8, அடுத்த வருடம் உபுண்டு 8.04 என்று லினக்ஸ் வகைகள் வரிசையாக அதை ஏற்றுக்கொண்டன. ஒலி கார்டுகளை இயக்கும் ஆல்சா டிரைவர்கள் பல அப்போது நேரக்கணக்கைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன, பழி பல்ஸ் ஆடியோ மேல் விழுந்தது. அதைத் திட்டியவர்களோடு நான் ஒருநாளும் சேர்ந்ததில்லை. பாட்டு கேட்கும்போது பெரிய பஃபரை (ஒலியை முன்கூட்டியே சேர்த்து வைக்கும் இடம்) நிரப்பிவைத்துவிட்டு சிபியுவைத் தூங்கவிடுவது அதன் வழி. மடிக்கணினியில் படம் பார்க்கிறவருக்கு அதுதான் வேண்டும்: ஒலி அறுபடக்கூடாது, பேட்டரி நிற்க வேண்டும். பாடுகிறவனுக்கு வேண்டியது வேறு. அதற்காக அது கெட்ட மென்பொருள் ஆகிவிடாது.

எனக்கு வேண்டியது ஜாக்கில் கிடைத்தது. பால் டேவிஸ் ஆர்டோர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுக்காகத் தொடங்கி வைத்த ஒலி சர்வர் அது. எல்லா நிரல்களும் ஒரே தாளத்தில், ஒரே அளவுத் துண்டாக ஒலியைக் கொடுத்து வாங்கும். 48,000 ஹெர்ட்ஸில் (வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) துண்டுக்கு 128 மாதிரிகள் என்று வைத்தால் ஒரு துண்டு 2.7 மில்லி வினாடி. 1024 வைத்தால் 21. ஆனால் ஜாக் ஒலி கார்டைப் பிடித்துக்கொண்டால் வேறு எதற்கும் விடாது. பதிவுக்கு நடுவே ஒரு வீடியோ அழைப்பு வந்தால் எல்லாவற்றையும் நிறுத்தி, ஜாக்கை மூடி, பேசி முடித்து, மறுபடி ஒவ்வொரு இணைப்பாகப் போட வேண்டும். ஒன்பது வருடம் இப்படித்தான் ஓட்டினேன்.

2022இல் பைப்வயருக்கு மாறினேன். அதுவும் ஒலி சர்வர்தான், விம் டைமன்ஸ் எழுதியது. பல்ஸ் ஆடியோ நிரல்களும் ஜாக் நிரல்களும் அதன் மேலேயே ஓடும். முதல் நாள் பிரவுசரில் தம்புரா, ஆர்டோரில் பதிவு, இரண்டும் ஒரே நேரத்தில் கேட்டது. உட்கார்ந்து சிரித்தேன். அந்த ஒரு வசதிக்காகவே இனி பழையதற்குத் திரும்ப மாட்டேன் என்று முடிவெடுத்தேன்.

அண்ணன் ஒருவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மெல்லிசைக் கச்சேரிகளில் ரிதம் பேட் (குச்சியால் அடிக்கும் மின்னணுத் தாளக் கருவி) வாசிப்பவர். எந்த அடி, எவ்வளவு பலம் என்று சொல்லும் மிடி சிக்னல் பேடிலிருந்து கணினிக்கு வரும், முன்பே பதிந்து வைத்த தவில், மிருதங்க சாம்பிள்கள் கணினியிலிருந்து ஒலிக்கும். அவர் கணினியையும் பைப்வயருக்கு நான்தான் மாற்றிக் கொடுத்தேன். இரண்டே நாளில் போன் செய்தார்.

“தம்பி, கை ஒட்டல. பழசையே போட்டுக் குடு.”

“அண்ணே, அதே 128தான் வச்சிருக்கேன். ஒரு வித்தியாசமும் கிடையாது.”

ஒலி ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லி வினாடி ஆகும். மேடையில் பாடகர் இரண்டு மீட்டர் தள்ளி நின்றாலே 6 மில்லி வினாடி போய்விடுகிறதே, அதில் வாசிப்பவருக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்டேன். “அது அவர் குரல். இது என் அடி. அடிச்ச கைக்கும் காதுக்கும் ஒரு முழம்தான் தூரம்” என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் அவர் பழக்கத்தால் சொல்கிறார் என்றே நினைத்தேன். லினக்ஸ் ஒலி பற்றிய சண்டைகளில் பாதி இந்த இடத்தில்தான் நிற்கும். ஒருவர் திரையில் உள்ள எண்ணைக் காட்டுவார், இன்னொருவர் காதைக் காட்டுவார்.

சரி, அளந்துவிடலாம் என்று அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்பீக்கரை பேடுக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே போனை வைத்து ரெக்கார்டரை ஓடவிட்டோம். அவர் குச்சியால் இருபது அடி அடித்தார். ரப்பரில் குச்சி படும் ‘டொக்’ ஒரு முள்ளாகவும், ஸ்பீக்கரிலிருந்து வரும் தவில் அடுத்த முள்ளாகவும் ஒலியலையை வரைந்து காட்டும் ஆடாசிட்டியில் தெளிவாகத் தெரிந்தன. இரண்டுக்கும் இடையே ஜாக்கில் சுமார் 12 மில்லி வினாடி. பைப்வயரில் 18. திரையில் இரண்டுமே 128, இரண்டுமே 2.7.

அவர் சொன்னது சரி. அங்கேயே சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காரணம் தேடினேன். ஜாக், கார்டு இன்டரப்ட் கொடுக்கும்போது (‘அடுத்த துண்டுக்கு நான் தயார்’ என்று தானே தட்டும்போது) விழித்து வேலை செய்யும். பைப்வயர் வழக்கமாக டைமரை வைத்துக்கொண்டு விழிக்கும், யூ.எஸ்.பி. கார்டு தன் இருப்பிடத்தைத் துல்லியமாகச் சொல்லாது என்பதால் அறுபடாமல் இருக்கக் கொஞ்சம் கூடுதல் பஃபரும் வைத்துக்கொள்ளும். அந்தக் கூடுதல்தான் 6 மில்லி வினாடி. திரையில் காட்டும் எண் ஒரு துண்டின் நீளம் மட்டுமே. பேடின் சென்சார், மிடி, கூடுதல் பஃபர், கார்டின் டிஜிட்டல் மாற்றம் எதுவும் அதில் சேராது. இது தெரியாமல் நான் ஒரு வாரம் அவரோடு வாதாடியிருக்கிறேன்.

அவருக்கு ஜாக்கையே திரும்பப் போட்டுக் கொடுத்தேன். 2023 நவம்பரில் பைப்வயர் 1.0 வந்தது. ‘ப்ரோ ஆடியோ’ ப்ரொஃபைல் தேர்ந்தெடுத்தால் அதுவும் இன்டரப்ட் வழியிலேயே ஓடும் என்று வந்தது. மறுபடி அதே போன், அதே இருபது அடி. இந்த முறை 12. ப்ரோ ஆடியோவில் சேனல்கள் இடம், வலம் என்று பெயரில்லாமல் ஆக்ஸ்0, ஆக்ஸ்1 என்று வரிசையாகத் தெரியும். எது கார்டின் எந்த வாய்க்குப் போகிறது என்று, இணைப்புகளைப் படமாகக் காட்டும் க்யூபிடபிள்யூகிராஃபில் ஒருமுறை கோடு இழுத்துவிட்டால் போதும்.

அப்புறம் அவர் 64க்கு இறங்க ஆசைப்பட்டார், ‘டிக் டிக்’ தொடங்கியது. பைப்வயரின் ஓட்டத்தைக் காட்டும் பிடபிள்யூ-டாப்பைத் திறந்து வைத்தால் பிழைக் கணக்கு ஏறிக்கொண்டே இருந்தது. லினக்ஸின் மையமான கர்னலை மாற்றலாம் என்றுதான் முதலில் கை போனது. 6.12இலிருந்து ரியல்டைம் வசதி (அவசர வேலையைத் தாமதிக்காமல் செய்வது) மூலக் கர்னலிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் அதற்கு வேலையே வரவில்லை. இன்டர்ஃபேஸ் ஒரு யூ.எஸ்.பி. ஹப்பில், எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு சேர்ந்து மாட்டியிருந்தது. நேராகக் கணினியில் மாட்டி, வைஃபையை அணைத்து, சிபியுவின் வேகத்தை மின்சேமிப்பிலிருந்து ‘பெர்ஃபாமன்ஸ்’க்கு மாற்றியதும் இரண்டு மணி நேர ஒத்திகையில் ஒரு பிழைகூட ஏறவில்லை. ஒலி அறுபட்டால் சர்வரை மாற்றுவதற்கு முன் ஒயரைப் பாருங்கள்.

பாட மட்டும் செய்கிறவர்களுக்கு ஒன்று. இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் குமிழ் இருந்தால் அதைத் திருப்பிக்கொள்ளுங்கள். குரல் கணினிக்குள் போகாமலே காதுக்கு வந்துவிடும். நானே பாதி நாள் அப்படித்தான் பாடுகிறேன். ரிவர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) போட்ட குரலைக் கேட்டுப் பாட வேண்டிய நாளில் மட்டும் 128க்கு இறக்குவேன், எடிட் செய்யும்போது 1024. புளூடூத் ஹெட்போன் இந்த வேலைக்கு ஆகாது, எந்த சர்வர் வைத்தாலும் ஆகாது.

அண்ணன் இப்போது பைப்வயரில்தான் வாசிக்கிறார். அப்டேட் வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார். போனை பேடுக்குப் பக்கத்தில் வைத்து இருபது அடி அடித்துப் பார்த்த பிறகே கச்சேரிக்கு எடுத்துப் போவார்.