பீப்பாய் ஸ்டவுட் என்று தலையில் கட்டுகிறார்கள், உஷார்

பீப்பாயில் ஊறிய கறுப்பு ஸ்டவுட், அதாவது வறுத்த தானியத்தில் செய்யும் கனமான பியர், வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். ஒரு கடையில் "பர்பன் பீப்பாயில் ஒரு வருடம் ஊறியது" (பர்பன் என்பது ஒரு அமெரிக்க விஸ்கி) என்று அட்டை எழுதித் தொங்கவிட்டு, சாதாரண ஸ்டவுட்டைப் போலப் பல மடங்கு விலைக்கு ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். உள்ளே இருந்ததில் பீப்பாயும் இல்லை, உருப்படியான ஸ்டவுட்டும் இல்லை.

மூடியைத் திறந்ததுமே நுரை பொங்கி மேசையெல்லாம் வழிந்தது. இந்த வகை பியர் அப்படிப் பொங்கவே கூடாது, கனமாக, எண்ணெய் மாதிரி இறங்கி, மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய நுரை நின்றால் போதும். மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் முதலில் வெனிலா எசன்ஸ் வாசனை தூக்கலாக அடித்தது, அது போனதும் வினிகர் நெடி. வாயில் வைத்தால் தண்ணீராக இருக்கிறது, அதோடு நாக்கைச் சுருக்கும் புளிப்பு. வறுத்த பார்லி தர வேண்டிய அந்தக் காபி மாதிரியான வறட்டுக் கசப்பும், ஓட்ஸ் போட்டிருந்தால் வரும் வழவழப்பும் எங்கே போனதென்றே தெரியவில்லை.

திரும்பக் கொண்டுபோய்க் கேட்டால், "மரத்தோட புளிப்பு சார் அது, கிராஃப்ட் பியர்னா அப்படித்தான், பழகணும்" என்றார் கடைக்காரர். சுத்தப் பொய். மரத்துக்குத் தானாகப் புளிப்பு கிடையாது. ஓக் பலகையை உள்பக்கம் சூடாக்கிக் கருக்கும்போது அதிலுள்ள லிக்னின் என்ற பொருள் உடைந்து வெனிலா மணம் தரும் வெனிலின் வருகிறது, தேங்காய் வாசனைக்குக் காரணம் ஓக் லாக்டோன், டேனின் என்ற துவர்ப்புப் பொருள் இருப்பதால் ஈறும் கன்னமும் லேசாக வறண்ட மாதிரி இருக்கும். புளிப்பு வந்தால் அது கிருமி வேலை, லாக்டோபேசிலஸ் மாதிரி ஏதோ ஒன்று உள்ளே புகுந்திருக்கிறது. காட்டு ஈஸ்ட்டும் சேர்ந்துகொண்டால், ஸ்டவுட்டுக்குக் கனம் கொடுக்கும் மிச்சச் சர்க்கரையைத் தின்று வாயுவாக்கிவிடும், நுரை பொங்கியதற்கும் தண்ணித்தனத்துக்கும் அதுதான் பெரும்பாலும் காரணம். பெல்ஜியத்தில் ஃபிளாண்டர்ஸ் சிவப்பு பியரைப் பெரிய ஓக் தொட்டியில் வைத்து வேண்டுமென்றே புளிக்க விடுகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லித்தான் விற்கிறார்கள்.

அப்புறம் பாட்டிலை நன்றாகப் பார்த்தேன். கழுத்துக்குக் கீழே கடையின் விலை ஸ்டிக்கர் கொஞ்சம் கோணலாக ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் அடியில் தேதி, அது எப்போதோ தாண்டிவிட்டது. 10, 12 சதவீத ஆல்கஹால் உள்ள ஸ்டவுட் குளிர்ச்சியாக, இருட்டில் வைத்தால் வருடக்கணக்கில் தாங்கும், சிலது இன்னும் நன்றாகக்கூட ஆகும், அதனால் பழைய தேதி என்பது மட்டும் குற்றமில்லை. மறைத்ததுதான் குற்றம். அதுவும் அந்தக் கடையில் பாட்டில்கள் இருப்பது வெயில் படுகிற கண்ணாடி அலமாரியில்.

பின்பக்க லேபிளில் எறும்பு வரிசை மாதிரி பொடி எழுத்து: ஓக் துண்டுகள், ஓக் சுவையூட்டி. பீப்பாய் என்ற பேச்சே லேபிளில் இல்லை. தயாரித்தவர்களுக்கே எழுதிக் கேட்டேன், பீப்பாயில் வைக்கவில்லை, அப்படி நாங்கள் எங்கும் சொல்லவும் இல்லை என்று பதில் போட்டார்கள். ஆக பீப்பாய்க் கதை முழுக்கக் கடையின் கைவண்ணம். ஓக் துண்டு போடுவது ஏமாற்று வேலை இல்லை, நிறையப் பேர் ஒழுங்காகச் சொல்லியே செய்கிறார்கள், நன்றாகவும் இருக்கும். ஆனால் பீப்பாய் விலை கேட்கக் கூடாது இல்லையா? அமெரிக்கச் சட்டப்படி பர்பனை உள்பக்கம் கருக்கிய புத்தம்புது ஓக் கலனில்தான் வைக்க வேண்டும், அதனால் ஒரு முறை பயன்படுத்திய பீப்பாய்கள் பியர்க்காரர்களுக்கு வருகின்றன. ஒவ்வொன்றும் சுமார் 200 லிட்டர், மாதக்கணக்கில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், கொஞ்சம் ஆவியாகிப் போகும், சிலது கெட்டே போகும். அந்தச் செலவுக்குத்தான் கூடுதல் விலை.

வாங்கும்போது கடை அட்டையை நம்பாதீர்கள், பின் லேபிளைப் படியுங்கள். தேதி மேல் ஸ்டிக்கர் இருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள். ஐஸ் மாதிரிக் குளிரவைத்து நீட்டினால் கொஞ்ச நேரம் அப்படியே வைத்துவிட்டு 10 முதல் 13 டிகிரிக்கு வந்ததும் குடித்துப் பாருங்கள், கடுங்குளிரில் எந்தக் குறையும் நாக்குக்குத் தெரியாது. உண்மையான பீப்பாய் என்றால் முதலில் தானியம் வரும், விழுங்கிய பிறகுதான் மரமும் விஸ்கிச் சூடும் மெதுவாக ஏறும், எசன்ஸ் என்றால் எல்லாம் மூக்கோடு சரி.

பணம் இன்னும் திரும்பி வரவில்லை. பாட்டிலைத் திறந்துவிட்டீர்களே என்கிறார், திறக்காமல் எப்படிக் குடிப்பதாம்?