கேள்வி ஞானத்துக்கு முதல் படி எது? வகுப்பு, சபா, வீட்டு ஒலிப்பதிவு, கோயில் வாசல்

குழந்தைக்குக் கர்நாடக இசையைக் கேட்கப் பழக்க வேண்டும் என்று ஆசைப்படும் பெற்றோர் பெரும்பாலும் முதலில் செய்வது பாட்டு வகுப்பில் சேர்ப்பதுதான். பாட வந்துவிட்டால் கேட்கவும் வந்துவிடும் என்ற நம்பிக்கை. நானும் அப்படி நம்பி என் மகளை ஐந்து வயதில் சேர்த்தேன். ஒரு வருடத்தில் தொடக்கப் பாடமான சரளி வரிசை முழுவதையும் மூன்று காலத்திலும் தடுமாறாமல் பாடினாள். ஒரு நாள் சுருதிப் பெட்டியை அரைக் கட்டை, அதாவது ஒரு சிறு படி, ஏற்றி வைத்துவிட்டுப் பாடச் சொன்னேன். அவள் பழைய சுருதியிலேயே பாடிக்கொண்டு போனாள். பெட்டி ஒரு பக்கம், குழந்தை ஒரு பக்கம். காதில் எதுவும் விழவே இல்லை.

அன்றிலிருந்து இந்த மூன்று ஆண்டுகளில் வகுப்பு, சபா, ஒலிப்பதிவு, கோயில் நாகஸ்வரம் என்ற நான்கு வழிகளையும் மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன். நான்கு முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

வகுப்பைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி, ஜண்டை என்று ஏறும் பாடமுறை காலத்தால் நிலைத்தது. புரந்தரதாசர் வகுத்தது என்று மரபு சொல்கிறது. ஆனால் பத்துப் பிள்ளைகள் ஒன்றாகப் பாடும் அறையில் ஒரு குழந்தை கேட்பது பெரும்பாலும் தன் குரலையும் பக்கத்துப் பிள்ளையின் குரலையும்தான். அடுத்த வரி நினைவிருக்கிறதா என்ற கவலை வேறு. வாய் ஓடும்போது காது பின்னால் நின்றுவிடுகிறது.

சபாவுக்கு வருவோம். இன்றைய கச்சேரியின் வடிவம் பெருமளவு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அமைத்துக் கொடுத்தது. வர்ணத்தில் தொடங்கி, சிறிய உருப்படிகள், விரிவான ஆலாபனையோடு (சொல் இல்லாமல் ராகத்தை மட்டும் விரித்துப் பாடுவது) பிரதான உருப்படி, தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம், கடைசியில் துக்கடாக்கள் எனும் சிறு பாடல்கள். பெரியவர்களின் ரசனைக்கு இது அருமையான விருந்து. ஆறு வயதுக் குழந்தைக்கு இரண்டரை மணி நேரம் அதிகம். பிரதான ராகத்தின் ஆலாபனை நடந்துகொண்டிருந்தபோது என் மகள் சத்தமாகவே கேட்டாள்: "அம்மா, பாட்டு எப்போது ஆரம்பிக்கும்?" சொல் இல்லாததால் அது பாட்டில்லை என்று நினைத்துவிட்டாள். முன் வரிசையில் இருந்தவர் திரும்பிப் பார்த்த பார்வையில் எனக்கு உடனே எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

நல்ல வேளையாக எழவில்லை. தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பெரியவர்கள் பலர் கேண்டீன் பக்கம் நடந்தார்கள். இவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மிருதங்கம் ஒன்று சொல்ல, கடம் அதையே திருப்பிச் சொல்கிறது. போகப் போகச் சொல்லும் அளவு பாதி, அதில் பாதி என்று குறைகிறது. கடைசியில் இரண்டும் சேர்ந்து மூன்று முறை ஒரே கோர்வையை (முடிவுக்கான தாளக் கோவை) வைத்து முடிக்கின்றன. இந்தக் கேள்வி பதில் விளையாட்டைக் குழந்தைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வாசிப்பவரின் கையையும் முகத்தையும் பார்த்துக்கொண்டே கேட்க முடிவது சபாவில் கிடைக்கும் தனிப் பேறு. ஒலிப்பதிவு அதைத் தராது. ஆகவே சபாவை நான் ஒதுக்கவில்லை, சுருக்கிக்கொண்டேன். மார்கழியில் இளம் கலைஞர்களின் மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் கிடையாது. மிருதங்கம் நன்றாகத் தெரியும் பக்கமாக உட்கார்ந்து, நாற்பது நிமிடம் கேட்டு, உருப்படி முடிந்து கைதட்டும்போது வெளியே வந்துவிடலாம்.

வீட்டு ஒலிப்பதிவுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் தருகிறேன். காரணம் எளிது: திரும்பக் கேட்கலாம். குழந்தைகள் ஒரே கதையை இருபது முறை கேட்கிறார்கள் அல்லவா, பாட்டும் அப்படித்தான் அவர்களுக்குள் இறங்குகிறது. அதிலும் பழைய 78 சுற்று இசைத்தட்டுகளின் பதிவுகள் சிறு பிள்ளைகளுக்கென்றே செய்தவை போல இருக்கின்றன. ஒரு பக்கத்தில் மூன்று, மூன்றரை நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் பெரிய வித்வான்களும் ஒரு கீர்த்தனையை அந்த அளவுக்குள் சுருக்கிப் பாடினார்கள். ஐந்து வயதுப் பொறுமைக்கு அது சரியாகப் பொருந்துகிறது.

நாங்கள் செய்வது இது. வாரத்துக்கு ஒரே பாட்டு, நாளுக்கு ஒரு முறை, விளக்கேற்றிய பிறகு. நானும் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருவேன். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்வி. வயலின் தனியாக வந்த இடம் எது? பல்லவியை எத்தனை முறை பாடினார்கள்? ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியா, மாறியதா? மூன்றாவது கேள்விக்கு விடை தேடும்போது ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதி, அந்தச் சொல் தெரியாமலே பிடிபடுகிறது. ஒரு வாரம் பாபநாசம் சிவனின் "மூலாதார மூர்த்தி" கேட்டோம். அடுத்த வாரம், ஒன்றும் சொல்லாமல், முத்துஸ்வாமி தீட்சிதரின் "வாதாபி கணபதிம்". இரண்டும் ஹம்ஸத்வனி ராகம். இரண்டாவது நாள் கேட்டாள்: "இது அந்தப் பிள்ளையார் பாட்டின் தங்கையா?" ராகத்தின் பெயரை நான் அன்றும் சொல்லவில்லை. அவளே ஒரு பெயர் வைத்திருக்கும்போது என் பெயர் எதற்கு?

சாப்பிடும்போதும் வீட்டுப்பாடம் எழுதும்போதும் பின்னணியில் ஓடவிடுவதை மட்டும் நிறுத்திவிட்டேன். அது காதைப் பழக்குவதில்லை. கேட்காமல் இருக்கப் பழக்குகிறது.

சிறு பிள்ளைகளுக்கு நொட்டுஸ்வரம் போதுமே என்று பலர் சொல்வார்கள். மேலைநாட்டு மெட்டுகளுக்கு முத்துஸ்வாமி தீட்சிதர் இயற்றிய சுமார் 40 பாடல்கள், சங்கராபரண ராகத்தின் சுரங்களில் அமைந்தவை. பாடுவதற்கும், நடந்துகொண்டே தாளம் போடுவதற்கும் இனிமையானவை. கேட்பதற்கு அவற்றை இரண்டாம் இடத்தில்தான் வைப்பேன். அவற்றில் சுரங்கள் படிக்கட்டு மாதிரி தனித்தனியே நிற்கின்றன. நம் இசையில் சுரம் ஊஞ்சல். தோடி ராகத்தின் காந்தாரம் (க என்ற சுரம்) ஓரிடத்தில் நிற்காமல் ஆடுவதைக் கேட்டுப் பழகாத காது பிறகு அதைத் தவறாகப் பாடுவதாகவே நினைக்கும்.

கோயில் வாசலை நான் எதிர்பார்த்தே போகவில்லை. தஞ்சைப் பக்கம் என் பெற்றோரின் ஊரில் திருவிழா. சுவாமி புறப்பாட்டுக்கு நாகஸ்வரத்தில், கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி தொடங்கியது. மல்லாரிக்குச் சொற்கள் கிடையாது. ஆனால் யாரும் "பாட்டு எப்போது ஆரம்பிக்கும்" என்று கேட்கவில்லை! ஒரே மெட்டு முதலில் நிதானமாக, பிறகு அதன் இரு மடங்கில், பிறகு நான்கு மடங்கில். என் மகள் கூடவே நடந்தாள். காலம் மாறிய இடத்தை அவள் கால்கள் கண்டுபிடித்தன. உட்கார், பேசாதே, அசையாதே என்று சொல்ல யாரும் இல்லாத ஒரே அரங்கு அதுதான். தவிலுக்கு மிக அருகில் மட்டும் நிறுத்தக் கூடாது. சின்னக் காது தாங்காது. குறை என்னவென்றால், இது ஆண்டுக்குச் சில நாட்கள்தான் வாய்க்கிறது. பல ஊர்க் கோயில்களில் அந்த இடத்தில் இப்போது மின்சார மேளம் அடிக்கிறது. அதில் கேட்க ஒன்றுமில்லை.

ஒரே ஒரு வழிதான் முடியும் என்றால் ஒலிப்பதிவைத் தேர்ந்தெடுங்கள். பெரியவர் ஒருவர் உடன் உட்காருவது அதற்கு நிபந்தனை. நாகஸ்வரம் கேட்கும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். சபா ஆறு வயதுக்கு மேல் போதும். வகுப்பு கடைசியில் வரட்டும்.

என் மகள் ஏழு வயதில் வேறொரு டீச்சரிடம் மறுபடி சேர்ந்தாள். அவர் வகுப்பில் முதல் பத்து நிமிடம் பிள்ளைகள் பாடுவதில்லை. தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு என்று ஆதி தாளம் போட்டுக்கொண்டே, அவர் பாடும் பாட்டின் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம், எங்கே விழுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். போன வாரம் தட்டுக்குச் சற்றுப் பின்னால், அரை இடத்தில் எடுக்கும் பாட்டு. நான்கு பிள்ளைகளும் தட்டிலேயே தொடங்குவதாகச் சொன்னார்கள். டீச்சர் விடையைச் சொல்லவில்லை. "இன்னொரு முறை பாடுகிறேன், கேளுங்கள்" என்றார்.