ஜியோஜீப்ராவா, டெஸ்மாஸா? பத்தாம் வகுப்புக் கணக்குக்கு எது கைகொடுக்கும்

கணக்குப் பாடத்துக்குக் காசில்லாமல் கிடைக்கும் இணையக் கருவிகள் எத்தனையோ உண்டு. வகுப்பில் தினமும் திறக்கிற அளவுக்குத் தேறுபவை என்று பார்த்தால் ஜியோஜீப்ரா, டெஸ்மாஸ் இரண்டும்தான். ஜியோஜீப்ரா 2001-இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்கஸ் ஹோகன்வார்ட்டரின் முதுகலை ஆய்வேடாகப் பிறந்தது. டெஸ்மாஸை அமெரிக்காவில் 2011-இல் எலை லூபராஃப் தொடங்கினார். இரண்டிலும் லாகின் இல்லாமலே வரையலாம். சமன்பாட்டைத் தட்டினால் கோடு வரும், ஸ்லைடரை இழுத்தால் கோடு நகரும். இதெல்லாம் தெரிந்த கதை.

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை அளவுகோலாக வைத்துப் பார்க்கிறேன். வினாத்தாளின் கடைசிப் பகுதியில் செய்முறை வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8 என்று 16 மதிப்பெண் உட்கார்ந்திருக்கிறது. தேர்வு காகிதத்தில்தான், கையில் காம்பஸும் அளவுகோலும்தான். ஆகவே கருவியின் வேலை விடையைக் கொடுப்பதில்லை; ஒவ்வொரு படியும் ஏன் வருகிறது என்று திரையில் காட்டுவது. என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வரைபடத்துக்கு டெஸ்மாஸ், வடிவியலுக்கு ஜியோஜீப்ரா. ஒன்றுதான் வைத்துக்கொள்ள முடியும் என்றால் ஜியோஜீப்ரா. அதற்கு முதல் காரணம் வசதிகள் அல்ல, இணையம் போனாலும் வகுப்பு நிற்காது என்பதே.

வரைபடம்: இங்கே டெஸ்மாஸ் ஜெயிக்கும்

ஒய் = எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 என்ற வளைவரையை வரைந்து, அதைக் கொண்டு எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் எக்ஸ் மைனஸ் 12 = 0 என்பதைத் தீர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் ஒய் = எக்ஸ் பிளஸ் 8 என்ற நேர்க்கோடு கிடைக்கும். டெஸ்மாஸில் இரண்டு வரிகளில் இரண்டையும் தட்டி, வளைவரையைத் தொட்டால் வெட்டும் இடங்களில் சாம்பல் நிறப் புள்ளிகள் தெரியும். அவற்றைத் தொட்டால் (−3, 5), (4, 12) என்று ஆயத்தொலைவுகள் வந்துவிடும். தனிக் கட்டளை எதுவும் வேண்டாம். ஜியோஜீப்ராவில் இதற்கு இன்டர்செக்ட் கருவியை எடுத்து இரண்டு வரைபடங்களையும் சொடுக்க வேண்டும். பெரிய வேலை இல்லை, ஆனாலும் ஒரு படி கூடுதல்.

இதில் மாணவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. திறந்தவுடன் தெரியும் திரையில் ஒய் அச்சு 12 வரை எட்டாது. ஒரு வெட்டுப்புள்ளி மட்டும் கண்ணில் படும், "ஒரே மூலம்தான் சார்" என்பார்கள். மவுஸ் சக்கரத்தைப் பின்னுக்கு உருட்டிப் படத்தைச் சுருக்கினால் இரண்டாவதும் வரும்.

தேர்வில் மதிப்புகளின் அட்டவணையும் எழுத வேண்டுமே. டெஸ்மாஸில் சமன்பாட்டுப் பட்டியலுக்கு மேலே உள்ள பற்சக்கரக் குறியைத் தட்டி, அந்தச் சமன்பாட்டின் பக்கத்தில் வரும் அட்டவணைக் குறியை அழுத்தினால் −2 முதல் 2 வரை மதிப்புகள் நிரம்பிய அட்டவணை கிடைக்கும். கீழே −4, −3, 3, 4 என்று தட்டிக்கொண்டே போனால் ஒய் மதிப்பு தானாக நிரம்பும். எக்ஸ் அச்சில் 1 செ.மீ. = 1 அலகு, ஒய் அச்சில் 1 செ.மீ. = 2 அலகு என்று அளவுத்திட்டம் வேறுபடும்போது, ஷிப்ட் விசையை அழுத்தியபடி ஒய் அச்சைப் பிடித்து இழுத்தால் அந்த அச்சு மட்டும் சுருங்கும். வரைபடத் தாளில் பையன் வரைவதும் திரையில் இருப்பதும் அப்போதுதான் ஒரே உருவத்தில் இருக்கும். இல்லாவிட்டால் "என்னுடையது ஏன் சப்பையாக இருக்கு" என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே நேரம் போய்விடும்.

முக்கோணவியலுக்கு வரும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. டெஸ்மாஸ் தொடக்கத்தில் ரேடியனில் இருக்கும். சைன் 30 என்று கேட்டால் 0.5 வராது, −0.988 என்று வரும். ஸ்பேனர் குறிக்குள் போய் டிகிரிக்கு மாற்றிவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள். ஜியோஜீப்ராவில் டிகிரிக் குறியைச் சேர்த்தே தட்டுவது நல்லது. ஆல்ட் விசையுடன் ஆங்கில ஓ எழுத்தை அழுத்தினால் குறி வரும்.

செய்முறை வடிவியல்: இங்கே பேச்சே வேறு

அடிப்பக்கம் 8 செ.மீ., உச்சிக்கோணம் 60 டிகிரி, உச்சியிலிருந்து குத்துயரம் கொடுக்கப்பட்ட முக்கோணம் வரைய வேண்டும். புத்தக முறையை அப்படியே ஜியோஜீப்ரா கிளாசிக்கில் செய்யலாம்.

கொடுத்த நீளமுள்ள கோட்டுத்துண்டு கருவியில் 8 என்று கொடுத்து ஏபி வரையுங்கள். கொடுத்த அளவுள்ள கோணம் கருவியை எடுத்து முதலில் பி, பிறகு ஏ என்று சொடுக்கி, 60 டிகிரி, கடிகாரத் திசை என்று கொடுங்கள். ஏபிக்குக் கீழே ஒரு புள்ளி விழும். ஏயிலிருந்து அதன் வழியாகக் கதிர் வரைந்து, ஏ வழியாக அந்தக் கதிருக்குச் செங்குத்துக்கோடு போடுங்கள். ஏபியின் மையக்குத்துக்கோட்டை அது வெட்டும் இடம்தான் வட்ட மையம் ஓ. ஓவை மையமாக வைத்து ஏ வழியாக வட்டம். அடுத்து எச் என்று ஒரு ஸ்லைடர், 3 முதல் 8 வரை, படி 0.1. ஏபியின் நடுப்புள்ளி ஜியை மையமாகவும் எச்சை ஆரமாகவும் கொண்ட வட்டம் மையக்குத்துக்கோட்டை மேற்பக்கம் வெட்டும் புள்ளி வழியாக ஏபிக்கு இணைகோடு. அந்த இணைகோடு பெரிய வட்டத்தை வெட்டும் இரண்டு இடங்களும் சி, டி. முக்கோணத்தை முடித்துவிடுங்கள்.

இனி ஸ்லைடரை இழுங்கள். எச் 5 ஆக இருக்கும்போது சியும் டியும் தள்ளி நிற்கும். இரண்டு முக்கோணங்களும் சர்வசமம், ஒன்று மற்றொன்றின் கண்ணாடி பிம்பம். 6.9-இல் இரண்டுக்கும் இடைவெளி சுமார் 1 செ.மீ. மட்டுமே. 7.0 என்றதும் முக்கோணம் மறைந்துவிடும். மென்பொருள் கெட்டுவிட்டதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். இணைகோடு வட்டத்தைத் தாண்டி மேலே போய்விட்டது, அவ்வளவுதான். 8 செ.மீ. அடிப்பக்கத்துக்கும் 60 டிகிரிக்கும் எட்டக்கூடிய அதிகபட்ச உயரம் 4 ரூட் 3, அதாவது ஏறக்குறைய 6.93 செ.மீ.; அந்த இடத்தில் அது சமபக்க முக்கோணம். காகிதத்தில் ஒரே ஒரு உயரத்துக்கு வரைகிறவனுக்கு இந்த எல்லை ஒருபோதும் தென்படாது.

குத்துயரத்துக்குப் பதில் நடுக்கோடு கொடுத்தால் அதே கோப்பு போதும். இணைகோட்டை மறைத்துவிட்டு, ஜியை மையமாகக் கொண்ட வட்டம் பெரிய வட்டத்தை வெட்டும் இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். நடுக்கோடு 4 செ.மீ.க்கு மேல், 6.93க்குள் இருந்தால்தான் முக்கோணம் அமையும் என்பதும் ஸ்லைடரிலேயே தெரிந்துவிடும்.

வலது சொடுக்கில் வரும் வழிசெலுத்தும் பட்டையை இயக்கினால் முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை படிப்படியாக ஓட்டிக் காட்டும். கரும்பலகையில் அழித்து அழித்து வரைகிற வேலை மிச்சம். டெஸ்மாஸிலும் வடிவியல் பகுதி உண்டு, தோற்றத்தில் இதைவிடச் சுத்தம். ஆனால் படிகளை இப்படி ஓட்டிக் காட்டும் வசதியை அதில் நான் பார்க்கவில்லை.

சிக்கல் வரும் இடங்களையும் சொல்லிவிடுகிறேன். வெட்டுப்புள்ளியை இன்டர்செக்ட் கருவியால் எடுக்காமல், புள்ளிக் கருவியால் கண்ணளவில் வைத்துவிட்டால் ஸ்லைடரை நகர்த்தும்போது அது மட்டும் பழைய இடத்திலேயே நிற்கும். நிறத்தைப் பார்த்தாலே பிடிபடும்: நீலமாக இருந்தால் அது தனித்த புள்ளி, கருப்பாக இருந்தால் மற்றவற்றைச் சார்ந்தது. சியும் டியும் நீலமாக இருந்தால் வரைந்தது தப்பு.

கோணம் அளக்கும்போது ஏ, சி, பி என்ற வரிசையில் சொடுக்கினால் 60 டிகிரி வரும். பி, சி, ஏ என்றால் 300 வரும். கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் அளப்பதே அதன் வழக்கம். பண்புகளுக்குள் போய்க் கோணம் 0 முதல் 180 வரை என்று மாற்றிவிட்டால் தொல்லை விட்டது. இன்னொன்று முழுமையாக்கல். தசமமே வேண்டாம் என்று வைத்தால் 59.5, 60, 60.5 மூன்றும் 60, 60, 61 என்று தெரியும். பின்பெஞ்சிலிருந்து ஒருவன் கூட்டிப் பார்த்து 181 என்பான். மூன்று கோணங்களின் கூட்டலைத் தனி மாறியாகக் கொடுத்துத் திரையில் காட்டினால் அது 180லேயே நிற்கும்.

இணையம் போனால்

டெஸ்மாஸ் உலாவியில் ஏற்கெனவே திறந்திருந்தால் இணையம் போனாலும் கணக்கிடும். பக்கத்தை ஒருமுறை புதுப்பித்தால் முடிந்தது. அடுத்த வகுப்பில் மறுபடி திறக்கவும் சேமித்ததை எடுக்கவும் இணையம் வேண்டும். கைபேசிச் செயலி இணையமில்லாமல் ஓடும். அதை புரொஜெக்டரில் காட்ட ஏற்ற கேபிள் வேண்டும், பள்ளியில் அது யாருடைய மேசை இழுப்பறையில் இருக்கிறது என்பது வேறு பிரச்சினை.

ஜியோஜீப்ராவை இறக்கி வைத்துக்கொள்ளலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றுக்கும் உண்டு. கிளாசிக் 5, கிளாசிக் 6 என்று இரண்டு பதிப்புகள் கிடைக்கும். 6 புதுசு, ஆனால் உள்ளே ஒரு உலாவியையே சுமந்துகொண்டு வருவதால் 2 அல்லது 4 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் மூச்சு வாங்கும். ஆய்வகத்தில் வயதான கணினிகள் என்றால் 5-ஐப் போடுங்கள். நிறுவுவதற்கு நிர்வாகிக் கடவுச்சொல் கேட்டு மறித்தால் போர்ட்டபிள் பதிப்பைப் பென்டிரைவில் வைத்து ஓட்டலாம். ஜிப் கோப்புக்குள்ளிருந்தே சொடுக்கக் கூடாது. முதலில் விரித்து ஒரு ஃபோல்டரில் போட்ட பிறகே திறக்க வேண்டும்.

வரைந்தது ஜிஜிபி கோப்பாகச் சேமிக்கப்படும். படம் எதுவும் ஒட்டாவிட்டால் சில பத்து கேபி தான், வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பிவிடலாம். கைபேசியில் எடுத்த வினாத்தாள் புகைப்படத்தை அப்படியே உள்ளே ஒட்டினால் சில எம்பியாக வீங்கிவிடும், சிறிதாக்கி ஒட்டுங்கள். தமிழில் தலைப்பு எழுதுகிறவர்கள் பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டியதை ஒட்டினால் குப்பையாக வரும், யூனிகோடில் தட்டுங்கள்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களின் இணையச் செயல்பாட்டுப் பகுதியில் உள்ள கியூஆர் குறிகளில் பலவும் ஜியோஜீப்ரா பணித்தாள்களுக்கே போகின்றன. வகுப்பில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்யாமல், முந்தின நாளே திறந்து, மூன்று புள்ளி மெனு வழியாக இறக்கி, "10 வடிவியல் உச்சிக்கோணம்" என்பது போலப் பெயர் வைத்துச் சேமித்துவிடுங்கள். சுருக்க இணைப்பு ஒருநாள் செத்துப்போகலாம், கோப்பு உங்களிடம் இருக்கும்.

இந்தக் கவலை வெறும் கற்பனை இல்லை. ஜியோஜீப்ராவை 2021-இல் பைஜூஸ் வாங்கியது. அந்த நிறுவனம் 2024-இல் திவால் நடவடிக்கைக்குள் போனது. டெஸ்மாஸும் 2022-இல் இரண்டாகப் பிரிந்தது: கணிப்பான்கள் ஒரு பக்கம், பாடத்திட்டமும் வகுப்பறைச் செயல்பாடுகளும் ஆம்ப்ளிஃபை நிறுவனத்தின் பக்கம். யார் கை மாறினாலும் இறக்கி வைத்த கிளாசிக் 5-உம் ஜிஜிபி கோப்புகளும் ஓடிக்கொண்டிருக்கும். ஜியோஜீப்ரா இலவசம் என்பது வணிகமல்லாத பயன்பாட்டுக்குத்தான். கட்டணம் வாங்கும் டியூஷன் மையத்தார் உரிம விதியை ஒருமுறை படித்துவிடட்டும்.

மாணவர்கள் ஒவ்வொருவர் திரையையும் ஆசிரியர் பார்க்கும் வகுப்பறை வசதி இரண்டு பக்கமும் உண்டு. எல்லோர் கையிலும் கருவி இருந்தால்தான் அது வேலைக்கு ஆகும். அந்தச் சூழலில் எது மேல் என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது. முப்பரிமாணத்துக்கும் ஜியோஜீப்ராதான் என் தேர்வு. ஆனால் திண்ம உருவத்தின் பக்கங்களைத் தட்டையாக விரிக்கும் அதன் நெட் கருவி கனசதுரம், பட்டகம், பிரமிடு வரைதான் விரித்துக் காட்டும். அளவியலில் கூம்பின் வளைபரப்பை விளக்க அதை நம்பாதீர்கள், காகிதத்தில் வட்டக்கோணப் பகுதியை வெட்டிச் சுருட்டுவதே நல்லது.

இரண்டு வகை மாணவர்களுக்கு என் பரிந்துரை தலைகீழாகும். வெளிநாட்டுப் படிப்புக்காக சாட் (எஸ்ஏடி) என்ற அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு, கணினித் தேர்வுத் திரைக்குள்ளேயே டெஸ்மாஸ் வரைபடக் கணிப்பான் இருக்கிறது. அவர்கள் அதிலேயே கை பழக வேண்டும். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்கும் டெஸ்மாஸைத்தான் சொல்வேன். திரைவாசிப்பானோடும் பிரெயில் கருவியோடும் ஒத்துப்போகும்படி கட்டியிருக்கிறார்கள், வளைவரை ஏறுவதையும் இறங்குவதையும் ஒலியாகவே கேட்கலாம்.