மாவுக் கடைக்கு வந்த கரண்ட் கணக்குப்பிள்ளை

மின்சார வண்டிக்கு மாறலாமா, மாடியில் சோலார் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும் சின்னத் தொழில்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் கோவை சிங்காநல்லூரில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறோம். இந்த விஷயத்துக்குக் காசு கொடுத்தே ஓர் ஆலோசகரை அழைத்தோம். பி.இ.இ. என்கிற மத்திய எரிசக்தித் திறன் அமைப்பின் தேர்வில் தேறிய எனர்ஜி ஆடிட்டர். பல்லடம் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் கரண்ட் செலவைக் குறைக்கிற வேலையை ரொம்ப காலம் பார்த்தவர், இப்போது தனியாகச் செய்கிறார். விளம்பரம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டதால் பெயர் போடவில்லை. கட்டணம் ஆறாயிரம் ரூபாய். கொடுத்த காசுக்கு மேலேயே வேலை நடந்தது. குறைகளும் உண்டு, அவற்றையும் சொல்கிறேன்.

ஆறாயிரமா என்று என் நாத்தனார் வாயைப் பிளந்தாள். ஷோரூமில் கேட்டால் சும்மாவே சொல்வார்களே என்றாள். சொல்வார்கள்தான். அவர் வருவதற்கு முன் நாங்கள் ஏறி இறங்கிய கடைகளில் எல்லாரும் ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர், மாதத் தவணை எவ்வளவு என்று அதையே சொன்னார்கள். ஒரு சோலார்காரர் எங்கள் மாடியைப் பார்க்காமலேயே ஐந்து கிலோவாட்டுக்குக் கொட்டேஷன் அனுப்பிவிட்டார். இவர் வந்து உட்கார்ந்ததும் கேட்டது, "மாவு எத்தனை மணிக்குங்க அரைக்கிறீங்க?"

சாயங்காலம் ஆறு மணிக்கு கிரைண்டர் ஓட ஆரம்பித்தால் ராத்திரி வரைக்கும் ஓடும். விடிகாலை நாலரைக்கு லோடு ஆட்டோ ஒண்டிப்புதூர், சூலூர் என்று கிளம்பி, ஒன்பதரைக்கெல்லாம் திரும்பிவிடும். மறுநடை சாயங்காலம் நாலு மணிக்கு. நடுவில் வண்டி நிழலில் சும்மா நிற்கும். இதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் மணி வாரியாக எழுதிக்கொண்டார். அப்புறம் ஒரு வருஷத்து ஈ.பி. பில், டீசல் பில், கடைக்கு அனுமதி வாங்கிய லோடு (ஒரே நேரத்தில் இழுக்கலாம் என்று ஈ.பி. கொடுத்த மின்சார அளவு) எவ்வளவு என்கிற காகிதம் எல்லாவற்றையும் கேட்டார். கடைசியாகச் சொன்ன காகிதத்தைத் தேடி எடுக்க என் வீட்டுக்காரர் பீரோவையே கவிழ்க்க வேண்டியதாயிற்று.

எங்களுக்குக் கீழே கடை, மேலே வீடு, இரண்டு மீட்டர். வண்டியை வீட்டு இணைப்பில் சொருகிக்கொள்ளலாம், அதுதான் மலிவு என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவர் பென்சிலால் கணக்கு போட்டார். லோடு ஆட்டோ நாளுக்கு அறுபது கிலோமீட்டர் ஓடினால், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து ஆறு ஏழு யூனிட். இரண்டு மாதத்துக்கு முந்நூற்றைம்பது யூனிட்டுக்கு மேல் போகும். எங்கள் வீட்டு பில் ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டித்தான் வருகிறது. 500-ஐத் தாண்டினால் நடுவில் இருக்கிற சலுகை விலையும் போய், தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். அதோடு தொழில் வண்டியை வீட்டு இணைப்பில் போட்டால் நாளைக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "கடை மீட்டர்லயே போடுங்க அம்மணி. ஆனா கிரைண்டர் ஓடறப்ப வேண்டாம்" என்றார். கிரைண்டரும் சார்ஜரும் ஒரே நேரத்தில் ஓடினால் அனுமதித்த லோடைத் தாண்டிவிடுமாம், அதற்குத் தனியாக அபராதம். காலை பத்திலிருந்து மதியம் மூன்றுக்குள் சார்ஜ் போட்டு முடிப்பது என்று அன்றைக்கே முடிவானது.

அடுத்து அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. நேராக மாவு வைக்கிற நாலு கதவு ஃபிரிட்ஜுக்குப் போனார். சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்துக் கதவிடுக்கில் வைத்து மூடிவிட்டு இழுத்தார். மூன்று கதவில் நோட்டு இறுக்கமாக நின்றது. நாலாவதில் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது. அந்த ரப்பர் பீடிங்கைத் தடவிப் பார்த்தால் மூலையில் விறைத்துப்போய் வெடித்திருந்தது. உள்ளே இருக்கிற குளிர்ச்சி ராவும் பகலும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஃபிரிட்ஜின் பின்பக்கச் சுருளில் உளுந்துத் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்ததையும் காட்டினார். கிரைண்டர் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துத் தொளதொளவென்று இருக்கிறது என்றார். மோட்டாரை எத்தனை முறை ரீவைண்டிங் செய்தீர்கள் என்று கேட்டார். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார்.

கிரைண்டருக்குப் பேர்போன ஊரில், அதுவும் கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கும்போது, எங்கள் கிரைண்டரை ஒருவர் குறை சொல்லிவிட்டாரே என்று கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஆனால் பீடிங், பெல்ட், சுருளைச் சுத்தம் செய்வது இந்த மூன்றையும் முடித்த பிறகு வந்த பில்லே குறைந்துதான் வந்தது. வண்டி அப்போது வாங்கவே இல்லை.

மின்சார வண்டி என்றால் புகை இல்லை, சுத்தம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். கரண்டே நிலக்கரியில்தானே வருகிறது என்று எதிர்க்கட்சியும் இருக்கிறது. இரண்டில் எது சரி என்று நேராகவே கேட்டேன். ஆறாயிரத்தில் பாதி இந்தப் பதிலுக்கே சரியாகிவிட்டது என்பேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. எங்கள் ஆட்டோ லிட்டருக்கு முப்பது கிலோமீட்டர் கொடுத்தால் கிலோமீட்டருக்கு 90 கிராம். நாட்டின் மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே என்று மத்திய மின்சார ஆணையம் கணக்கு வைத்திருக்கிறது. மின்சார லோடு ஆட்டோவுக்குக் கிலோமீட்டருக்கு 0.1 யூனிட்டுக்குக் கொஞ்சம் கூடவே ஆகும் என்று வைத்தால் எழுபத்தைந்து கிராம் வருகிறது. "பெரிய வித்தியாசம் இல்லீங்க. யாராவது பூஜ்யம்னு சொன்னா நம்பாதீங்க" என்றார். சின்ன ஸ்கூட்டரில் நிலைமை வேறு. பெட்ரோல் மொபெட் கிலோமீட்டருக்கு நாற்பது கிராமை ஒட்டி வெளியேற்றும், மின்சார ஸ்கூட்டருக்குச் சுமார் இருபத்தைந்துதான்.

அப்படியானால் லோடு ஆட்டோவை மாற்றி என்ன பயன்? அந்த 0.7 என்பது நாள் முழுக்க, நாடு முழுக்கப் போட்ட சராசரி. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கிறது, ஊர் ஊராக மாடிகளில் பேனல்கள் இருக்கின்றன, இவையெல்லாம் உச்சி வெயிலில்தான் முழுசாகக் கொடுக்கின்றன. ஆரல்வாய்மொழி, பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கத்துக் காற்றாலைகள் மே மாதத்துக்கு மேல் சுற்றுகின்றன. இருட்டிய பிறகு சுமையைத் தாங்குவதில் அனல் மின் நிலையத்தின் பங்குதான் பெரிசு. ராத்திரி சார்ஜ் போட்டு விடியற்காலை எடுக்கிற பழக்கம் ஸ்கூட்டர் வைத்திருக்கிற எல்லார் வீட்டிலும் இருக்கிறது, ஷோரூமிலும் அதையே சொல்லிக் கொடுக்கிறார்கள். எங்கள் தொழிலில் வண்டி சும்மா நிற்கிற நேரமும் வெயில் நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டது. மணி வாரியாக அவர் நோட்டில் எழுதியது எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

சோலாருக்கு வருகிறேன். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் வீட்டு இணைப்புக்கு ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் போனால் 78,000 ரூபாய் மானியம். ஐந்து போட்டாலும் அதே 78,000தான் என்பதை அந்தக் கொட்டேஷன்காரர் சொல்லவில்லை. கடை இணைப்புக்கு இந்த மானியம் கிடையாது. நம் ஊர் வெயிலுக்கு ஒரு கிலோவாட் பேனல் நாளுக்குச் சராசரியாக நாலு யூனிட் கொடுக்கும். எங்கள் வீட்டுச் செலவுக்கு இரண்டு கிலோவாட் தாராளம் என்று எழுதிக் கொடுத்தார். ஐந்து போட்டிருந்தால் மேற்குப் பக்கத்து வரிசை முழுக்கப் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் சாயங்காலம் படுத்திருக்கும். மாடிக்கு ஏறி நிழல் விழுகிற இடத்தைச் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார்.

கரண்ட் போனால் சோலார் வரும்தானே என்று கேட்டேன். வராது. பேட்டரி இல்லாமல் தெரு லைனோடு சேர்த்து ஓடுகிற இன்வெர்ட்டர், லைன் செத்தால் தானும் நின்றுவிடும். நின்றுதான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற லைன்மேனுக்கு ஆபத்து. இதைக் கேட்டுச் சில பேருக்கு ஆசையே விட்டுப்போகலாம், அதனால்தானோ என்னவோ விற்பவர்கள் வாயைத் திறப்பதில்லை. சரி, வீட்டு மீட்டரில் சோலார், கடை மீட்டரில் வண்டி என்றால் நம் சோலார் வண்டிக்குப் போகாதே என்று வீட்டுக்காரர் மடக்கினார். பில்லில் போகாதுதான், ஆனால் மதியம் மாடியிலிருந்து வெளியே போகிற மின்சாரம் பக்கத்திலேயே எவன் இழுக்கிறானோ அவனுக்குத்தான் போகும், மீட்டர் இரண்டு என்பது அதற்குத் தெரியாது என்றார்.

வண்டி வாங்குவதில் அவர் எந்த கம்பெனி பெயரையும் சொல்லவில்லை. எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை, இதில் எனக்கு ஏமாற்றம்தான். கேட்க வேண்டியதை மட்டும் எழுதிக் கொடுத்தார். 2022-இல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு கடுமையாக்கிய ஏ.ஐ.எஸ். 156 தரச் சான்று பேட்டரிக்கு இருக்கிறதா, வாரண்டியில் வருஷமும் கிலோமீட்டரும் போட்டிருந்தால் எது முதலில் முடிகிறது, மத்திய அரசு மானியம் பில்லிலேயே கழிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ஸ்கூட்டர் பேட்டரியின் ஒவ்வொரு கிலோவாட்-ஹவருக்கும் (அதாவது ஒரு யூனிட் கொள்ளளவுக்கு) 5,000 ரூபாய் என்று இருந்தது, அடுத்த நிதியாண்டில் 2,500 ஆகிவிட்டது. ஒரு ஷோரூமில் பழைய தொகையைச் சொல்லியே ஆசை காட்டினார்கள். எங்களிடம் இருக்கிற இரண்டு எக்ஸ்எல் மொபெட்டில் ஒன்றை மாற்றலாம், இன்னொன்று இன்னும் நல்ல நிலையில் இருப்பதால் அது ஓடி முடியட்டும் என்றும் எழுதியிருந்தார். வேலையே இல்லாத இடத்தில் செலவு வைக்காதவர்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறார். சார்ஜிங் பாயிண்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையில் மீட்டரை வைத்தார். ஒன்பது வோல்ட் காட்டியது. இரண்டு மூன்றுக்குள் இருக்க வேண்டியதாம். புது எர்த் குழி எடுக்கிற வரைக்கும் வண்டியைச் சொருகவே கூடாது என்றார். தனி லைன், நாலு ஸ்கொயர் காப்பர் வயர், 16 ஆம்ப் இன்டஸ்ட்ரியல் சாக்கெட், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கிற சுவிட்ச்) என்று சீட்டு எழுதினார். எலெக்ட்ரீஷியன் பழைய பிளக்கே போதுமே என்று முணுமுணுத்தார். ஈரத் தரையில் நிற்கிற கடை எங்களுடையது, நான் சீட்டுப் பக்கம்தான் நின்றேன்.

குறைகள். ரிப்போர்ட் சொன்ன தேதிக்கு வரவில்லை, ரொம்பவே இழுத்தார். வந்ததும் முழுக்க இங்கிலீஷில், வரைபடங்களோடு. மில் முதலாளிக்கு எழுதிய பழக்கம். தமிழில் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த பிறகு இரண்டு பக்கத்தில் கையால் எழுதிக் கொடுத்தார், எங்களுக்கு உதவியது அதுதான். பிறகு வாங்கிய மின்சார லோடு ஆட்டோ ஒரு சார்ஜுக்கு எழுபது கிலோமீட்டர் ஓடும் என்று அவர் கணக்கு போட்டார், முழு லோடு வைத்தால் அறுபதைத் தாண்ட மாட்டேன் என்கிறது. வண்டி ஓட்டுகிற தம்பிக்கு இதெல்லாம் புதுசு, அவனை உட்கார வைத்து விளக்கச் சொன்னால் பொறுமை இல்லை. நெட் மீட்டருக்கு (சோலாரிலிருந்து லைனுக்குப் போகிற கரண்டையும் கணக்கு வைக்கிற மீட்டர்) ஈ.பி. ஆபீசில் அலைகிற வேலையையும் தொடமாட்டார். பழைய மின்சார வண்டியை விற்கப் போனால் என்ன விலைக்குப் போகும் என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

இவரையோ இவர் மாதிரி ஒருவரையோ கூப்பிடுவதாக இருந்தால் ஒரு வருஷத்து பில்லும் அனுமதி லோடு காகிதமும் கையில் இருக்கட்டும். வண்டிக் கடையிடமோ பேனல் கடையிடமோ கமிஷன் வாங்குவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள், இவர் அதை எழுதியே கொடுத்தார். ரிப்போர்ட் தமிழில் வேண்டும் என்பதை முன்பணம் கொடுக்கிற அன்றைக்கே பேசிவிடுங்கள். சனிக்கிழமை கூப்பிட்டால் எடுக்க மாட்டார், அன்றைக்கு மில்லில் இருப்பார்.