பிரெஞ்சு படிக்க நூலகமா, இணையமா?

கல்லூரியில் இரண்டாம் மொழியாகப் பிரெஞ்சு எடுத்தவர்களுக்கு, சென்னையில் நுங்கம்பாக்கம் அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி, பண்பாட்டு மையத்தின் நூலகம் இருக்கிறது. இணையத்திலோ டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சி, ஆர்எஃப்ஐ என்ற பிரெஞ்சு வானொலி, இரண்டின் தளங்களும் இலவசம்.

முதல் வருடத்துக்கு நான் இணையத்தைத்தான் சொல்வேன். காரணம் காது. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதைப் பிரெஞ்சில் 'ils parlent' என்று எழுதினால் கடைசி மூன்று எழுத்து வாயில் வரவே வராது; 'ஈல் பார்ல்', அவ்வளவுதான். 'லே' (பன்மைக்கு முன்னால் வரும் சொல்), 'அமி' (நண்பர்கள்) சேர்ந்தால் 'லேஸமி' ஆகிவிடும். நம்ம திருவருளில் நடுவே ஒரு வகரம் வந்து நிற்கிறதே, கிட்டத்தட்ட அது மாதிரி. புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் இது பிடிபடாது. ஆர்எஃப்ஐயின் எளிய பிரெஞ்சுச் செய்தி 10 நிமிடம்தான், எழுத்து வடிவமும் கிடைக்கும். முதலில் பார்க்காமல் கேளுங்கள், அப்புறம் வரியோடு கேளுங்கள். டிவி5 மோந்தில் ஏ1 என்ற தொடக்க நிலை முதல் பி2 என்ற மேல்-இடைநிலை வரை காணொளியோடு பயிற்சிகள் உண்டு.

சரி, நூலகம் எதற்கு? வாசிப்புக்கு. கற்பவர்களுக்காகச் சுருக்கிய சின்னக் கதைப் புத்தகங்களில், கடினமான சொல்லுக்குப் பக்கத்தின் அடியிலேயே எளிய பிரெஞ்சில் பொருள் போட்டிருப்பார்கள். போனில் மொழிபெயர்ப்பைத் தட்டும் பழக்கம் அங்கேதான் விடும். உறுப்பினர் கட்டணம் உண்டு. ஆனால் இரண்டாம் வருடத்தில் அந்தப் பணத்தைத் தயங்காமல் கட்டுங்கள். வாரம் ஒரு புத்தகம் போதும்.